20 நிமிடப் பாட்டு

இருபது நிமிடத்தில் என்னவெல்லாம் செய்யலாம்? சூடாக ஒரு டீ குடிக்கலாம். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை முடிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து முனிசிபாலிட்டியைத் திட்டலாம்.

ஒருத்தர் இருபது நிமிடத்தில் ஒரு நாட்டின் ஜனங்களையே திட்டி முடித்துவிட்டார். அந்த நாட்டை அவர் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆறு வருடம் கழித்து மனைவி, மகளோடு அதே நாட்டுக்குப் போய் இறங்கி ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தார் என்பதுதான் வேடிக்கை.

அவர் பெயர் ரெஜினால்ட் ஹீபர். திருச்சிக்காரர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், அவரேதான். பிஷப் ஹீபர் கல்லூரி என்று போர்டில் பார்க்கிறீர்களே, அந்த பிஷப் ஹீபர். உங்கள் ஊரில் கல்லூரிக்குப் பெயராகவும் கல்லறையாகவும் தங்கிவிட்ட மனிதர். ஆனால் திருச்சிக்கு நாம் கடைசியில் போவோம். கதை ஆரம்பிப்பது ரெக்ஸம் என்ற ஊரில். இங்கிலாந்தை ஒட்டி, வேல்ஸ் நாட்டில் இருக்கிறது.

1819, மே மாதம், ஒரு சனிக்கிழமை. ஹீபருக்கு அப்போது வயது 36. ஹாட்னெட் என்ற கிராமத்துக் குருவானவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போதே கவிதைக்குப் பரிசு வாங்கியவர். மனைவி பெயர் அமீலியா. 1809-ல் கல்யாணம். அமீலியாவின் அப்பா ஷிப்லியும் சர்ச்சில் பெரிய பதவிக்காரர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ரெக்ஸம் தேவாலயத்தில் அவர் பிரசங்கம். வெளிநாடுகளில் மதப் பிரசாரம் செய்யும் சங்கத்துக்காகக் காணிக்கை திரட்ட வேண்டும். பிரசங்கத்தோடு ஒரு பாட்டும் இருந்தால் ஜனங்கள் கொஞ்சம் தாராளமாகப் போடுவார்கள் இல்லையா? மாமனார் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். ‘நாளைக்குப் பாடுகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்களேன்.’

மாப்பிள்ளை அறையின் இன்னொரு மூலைக்குப் போய் உட்கார்ந்தார். இருபது நிமிடம்தான். பாட்டு ரெடி.

கிரீன்லாந்துப் பனிமலை, இந்தியக் கடற்கரை, ஆப்பிரிக்க ஆறுகள் என்று உலகத்தையே ஒரு ரவுண்டு அடிக்கிற பாட்டு. நடுவில் இலங்கை வருகிறது. வாசனைக் காற்று வீசும் அருமையான தீவு. திரும்பின பக்கமெல்லாம் கண்ணுக்கு விருந்து. ஆனால் அங்கே இருக்கிற மனிதன் மட்டும் ஈனப்பிறவி! இதுதான் அந்த வரிகளின் சாரம். கையெழுத்துப் பிரதியில் அடித்தல் திருத்தல் கிட்டத்தட்ட இல்லை. மாற்றியது ஒரே ஒரு சொல்லை. முதலில் ‘காட்டுமிராண்டி’ என்ற அர்த்தத்தில் எழுதியதை அடித்துவிட்டு, ‘அஞ்ஞானி’ என்ற அர்த்தத்தில் வேறு சொல் போட்டார். பெரிய மனசு!

ஹீபரைக் கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் படித்தவர், படிக்காதவர் எல்லோருமே அப்படித்தான் நம்பினார்கள். சபையில் படித்த அறிக்கைகள், ஊர் திரும்பிய கப்பல்காரர்கள் சொன்ன கதைகள் இவைதான் ஆதாரம். ஹீபர் அதற்கு எதுகை மோனை போட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆனால் பாட்டு சும்மா இருக்கவில்லை. கடல் தாண்டி அமெரிக்கா போனது. சவான்னா நகரத்தில் வங்கி குமாஸ்தாவாக இருந்த லோவெல் மேசன் என்கிற இளைஞர் அதற்கு ஒரு மெட்டுப் போட்டார். பிற்காலத்தில் அமெரிக்க சர்ச் இசையில் பெரிய பெயர் எடுத்தவர் அவர். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மிஷனரிகளை வழியனுப்பும் கூட்டமா, காணிக்கைக் கூட்டமா, இதுதான் பாட்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் இதைப் பாடி வளர்ந்தன. இலங்கை என்றால் என்ன, இந்தியா என்றால் என்ன என்று பலருக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்ததே இந்த இருபது நிமிடச் சரக்குதான்.

1822-ல் கல்கத்தா பிஷப் மிடில்டன் இறந்துபோனார். யாரை அனுப்பலாம்? லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் சார்லஸ் வின், ஹீபருக்கு நெருங்கிய நண்பர். ‘நீ போகிறாயா?’ என்று கேட்டார். ஹீபர் இரண்டு தடவை முடியாது என்று சொல்லிவிட்டார். காரணம், மனைவியும் குழந்தையும். முதல் குழந்தையை ஏற்கெனவே பறிகொடுத்த தம்பதி. 1821-ல் பிறந்த எமிலி கைக்குழந்தை. இந்தியாவின் வெயிலும் காய்ச்சலும் குழந்தையை என்ன செய்யுமோ என்ற பயம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. 1823 ஜனவரியில் சம்மதம் சொன்னார்.

அந்த வேலையின் எல்லையைக் கேட்டால் தலை சுற்றும். இந்தியா முழுக்க. இலங்கையும் சேர்த்து. கொஞ்ச நாளில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸையும் சேர்த்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பிஷப்! சம்பளம் வருடத்துக்கு 5,000 பவுண்டு. 1813 சாசனச் சட்டத்தில் போட்ட தொகை. அந்தப் பணத்தை இங்கிலாந்து மகாஜனங்கள் கொடுக்கவில்லை. கம்பெனிக்கு இந்தியாவில் கிடைத்த வருமானத்திலிருந்து கொடுத்தார்கள். அதாவது நம் விவசாயி கட்டிய நிலவரியிலிருந்து. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

1823 ஜூனில் கணவன், மனைவி, குழந்தை மூன்று பேரும் கப்பல் ஏறினார்கள். வழியில் கப்பல் இலங்கையைத் தொலைவில் கடந்தது. பாட்டில் எழுதிய வாசனைக் காற்று அடித்ததா? அந்தத் தூரத்துக்கு எட்டவில்லை. ஆனால் முப்பது, நாற்பது மைல் வரைகூட அந்த வாசனை வருவது உண்டு என்று கேள்விப்பட்டதை மறக்காமல் டைரியில் குறித்துக்கொண்டார் ஹீபர். பார்த்தீர்களா, காற்றைப் பற்றி எழுதியது சரிதானா என்று சோதித்துப் பார்க்கிற அளவுக்கு நேர்மை இருந்தது. மனிதர்களைச் சோதித்துப் பார்க்கிற வாய்ப்பு இனிமேல்தான்.

அக்டோபரில் கல்கத்தா. வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஹீபர் ஊருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சுருதி மாறிவிட்டது. இந்துக்களை ஒன்றுக்கும் உதவாத சீரழிந்த கூட்டமாகச் சிலர் வரைந்து காட்டுகிறார்கள், அதை என்னால் ஏற்க முடியாது என்று எழுதினார். சாந்தமானவர்கள், புத்திசாலிகள், குடிக்காதவர்கள், சிக்கனமானவர்கள் என்று சர்டிஃபிகேட் கொடுத்தார். ‘சிலர் வரைந்து காட்டுகிறார்கள்’ என்றாரே, அந்தச் சிலரில் அவரும் ஒருவர். அதை மட்டும் எழுதவில்லை!

அதற்காக ஹீபர் அப்படியே மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டு மதங்களைப் பற்றிய அவர் கருத்து மாறவே இல்லை. உடன்கட்டை ஏறுவதும், முதுகில் கொக்கி மாட்டித் தொங்குகிற செடல் உற்சவமும் அவரைக் கலங்கடித்தன. கடைசி வரை மிஷனரிதான். மாறியது மதத்தைப் பற்றிய பார்வை இல்லை, மனிதர்களைப் பற்றிய பார்வை.

1824-ல் இன்னொரு சம்பவம். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த கிறிஸ்டியன் டேவிட் என்ற தமிழர் கல்கத்தா வந்தார். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர். அவரைப் பரீட்சை செய்து, ஆங்கிலிகன் சபையின் குருவாக அபிஷேகம் செய்தார் ஹீபர். அந்தச் சபையில் அந்த நிலைக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான் என்று சொல்வார்கள். எந்தத் தீவின் மனிதனை ஈனப்பிறவி என்று பாட்டில் எழுதினாரோ, அந்தத் தீவிலிருந்து வந்த ஒருவர் தலையில் அவரே கை வைத்து ஆசீர்வதித்தார். ஐந்தே வருடத்தில்!

அடுத்தது பயணம். மறைமாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். 1824 ஜூன் 15-ம் தேதி கல்கத்தாவிலிருந்து கங்கையில் படகுப் பயணம். அமீலியாவும் கூடவே போவதாகத்தான் திட்டம். ஆனால் அந்த ஜனவரியில்தான் இரண்டாவது பெண் ஹாரியட் பிறந்திருந்தாள். குழந்தைக்கும் உடம்பு சரியில்லை, தாய்க்கும் சரியில்லை. அமீலியா கல்கத்தாவிலேயே தங்கவேண்டியதாகிவிட்டது. ஹீபரோடு கிளம்பியவர், நண்பரும் உதவி குருவுமான ஸ்டோ. அடுத்த மாதமே டாக்காவில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். மனைவியும் பக்கத்தில் இல்லை, கூட வந்த நண்பரும் இல்லை.

அதனால் நமக்கு ஒரு லாபம். பார்ப்பதை எல்லாம் மனைவிக்காக எழுத ஆரம்பித்தார். நீ வந்திருந்தால் இதைப் பார்த்திருப்பாய் என்கிற ஏக்கத்தோடு எழுதிய டைரி. அரசாங்க ரிப்போர்ட் மாதிரி இருக்காது. வழியில் பார்த்த மரம், படகோட்டிகளின் பேச்சு, தங்கின கூடாரம், வந்து வணக்கம் சொன்ன கிராமத்துப் பெரியவர் என்று எல்லாம் இருக்கும். கூடவே ஓவியங்களும். ஹீபருக்குப் படம் நன்றாக வரைய வரும்.

காசி, அலகாபாத், லக்னோ. லக்னோவைச் சுற்றியிருந்த அவுத் ராஜ்யத்தைப் பற்றி வெள்ளைக்காரர்கள் அவரிடம் நிறையச் சொல்லி பயமுறுத்தியிருந்தார்கள். நவாப் ஆட்சி சரியில்லை, நாடே பாழ் என்று. போய்ப் பார்த்தால் நிலமெல்லாம் உழுது பயிர் செய்து கிடக்கிறது! கேள்விப்பட்டதற்கும் கண்ணால் பார்த்ததற்கும் இவ்வளவு வித்தியாசமா என்று ஆச்சரியப்பட்டு எழுதினார். இதே அவுத் ராஜ்யத்தைத்தான் 1856-ல் ‘நிர்வாகம் சரியில்லை’ என்று காரணம் காட்டிக் கம்பெனி விழுங்கியது.

1824 டிசம்பர் கடைசியில் டெல்லி. ஹுமாயூன் சமாதி, குதுப்மினார். ராட்சச அளவில் கட்டடம், அதன் மேல் நகை ஆசாரி செய்கிற மாதிரி நுணுக்கமான வேலை. இரண்டும் ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்தது என்று அசந்துபோனார். பிறகு செங்கோட்டை. முகலாயச் சக்கரவர்த்தி இரண்டாம் அக்பர் ஷா கொலுவிருந்தார். கொலு என்று பேர். அதிகாரம் எல்லாம் கம்பெனி கையில், சக்கரவர்த்திக்கு மாதா மாதம் பென்ஷன். ஹீபர் முறைப்படி தங்கக் காசு நஜர் வைத்து சலாம் செய்தார். அப்புறம் அரண்மனையைச் சுற்றிக் காட்டினார்கள். ஷாஜகான் தர்பார் நடத்திய மண்டபத்தில் உடைந்த பல்லக்கும் காலிப் பெட்டிகளும் குவிந்து கிடந்தன. சிம்மாசனம் இருந்த மேடையில் புறா எச்சம். ஹீபருக்குச் சிரிப்பு வரவில்லை, வருத்தம்தான் வந்தது. அந்தக் கிழச் சக்கரவர்த்தியின் மேல் அவருக்கு வந்த இரக்கம் அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

ஆக்ரா, ஜெய்ப்பூர், அஜ்மீர், பரோடா என்று சுற்றி 1825 ஏப்ரலில் பம்பாய். பத்து மாதப் பயணம். ஏப்ரல் கடைசியில் அமீலியாவும் எமிலியும் கல்கத்தாவிலிருந்து கடல் வழியாக வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து ஆகஸ்ட் 15-ம் தேதி கப்பல். எங்கே? இலங்கைக்கு!

1825 ஆகஸ்ட் கடைசி வாரம், காலித் துறைமுகம். டச்சுக்காரர்கள் கட்டிய பெரிய கோட்டை, கோட்டைக்குள்ளே தெருக்கள், கடலைப் பார்த்த கொத்தளங்கள். இன்றைக்கும் இலங்கை போகிற டூரிஸ்டுகள் தவறாமல் போட்டோ எடுக்கிற இடம். இந்த இலங்கைப் பகுதியில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே டைரி எழுதியது ஹீபர் அல்ல, அமீலியா. இதுவரை கடிதத்தில் மட்டுமே இந்தியாவைச் சுற்றிப் பார்த்த பெண்மணி, இப்போது கணவரின் பக்கத்தில் நின்று, தானே பார்த்துத் தானே எழுதினார். பின்னால் புத்தகமாக வந்தபோது இலங்கைக் குறிப்புகள் அந்த அம்மாவின் டைரியிலிருந்தே வந்தன.

காலியிலிருந்து கொழும்பு. பிறகு கண்டி. கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் மலையைக் குடைந்து ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த மலைப்பாதை வழியாகக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகை, ஏரி, பழைய அரண்மனை. அரண்மனைக்குப் பக்கத்திலேயே மரத்தூண்களோடு ராஜாவின் கொலுமண்டபம். கண்டியில் வெள்ளைக்காரர்களுக்கு அப்போது தனியாக சர்ச் கிடையாது. அந்தக் கொலுமண்டபத்தில்தான் ஆராதனை நடத்துவார்கள். ஹீபர் அங்கேயே நின்று பிரசங்கம் செய்தார்.

அந்த மண்டபத்தில் பத்து வருடத்துக்கு முன்னால் கொலுவிருந்த ராஜா எங்கே? அவர் நம் ஊரில் இருந்தார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி வந்தவர். 1815-ல் பிரிட்டிஷார் கண்டியைப் பிடித்து, அவரைக் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஹீபர் கண்டியில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த அதே நேரம், மண்டபத்தின் சொந்தக்காரர் வேலூரில் கைதி. 1832-ல் அங்கேயே காலமானார். வேலூரில் பாலாற்றங்கரைப் பக்கம் முத்து மண்டபம் பார்த்திருக்கிறீர்களா? அது அவருடைய நினைவிடம்தான். டெல்லியில் புறா எச்சம் படிந்த சிம்மாசன மேடை, கண்டியில் சர்ச்சாகிப்போன கொலுமண்டபம். ஹீபர் சுற்றிப் பார்த்த இடங்கள் பலவற்றில் கட்டடம் இருந்தது, வீட்டுக்காரர் இல்லை.

செப்டம்பர் 25-ம் தேதி காலிக்குப் பக்கத்தில் பத்தேகம என்ற ஊரில், மிஷனரிகள் கட்டிய தேவாலயத்தைப் பிரதிஷ்டை செய்தார் ஹீபர். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. பிறகு கப்பல் ஏறி, அக்டோபரில் கல்கத்தா திரும்பினார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு நாட்டைச் சுற்றிப் பார்த்த பயணம் அது. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அடுத்தது வாய்க்கவில்லை.

1826 ஜனவரி 30. ஹீபர் மறுபடியும் கப்பல் ஏறினார். இந்தத் தடவை சென்னைக்கு, அமீலியா இல்லாமல். சென்னையில் கவர்னர் தாமஸ் மன்றோவைப் பார்த்தார். பிறகு தெற்கே கிளம்பினார். முதலில் மாமல்லபுரம். அப்புறம் கடலூர் வழியாகத் தஞ்சாவூர்.

இந்தச் சமயத்தில்தான் நண்பர் வின்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். காமர்ஸ் படித்த என்னை ஹீபரின் பக்கம் இழுத்ததே இந்தக் கடிதம்தான். கோயில், கோட்டை, சமாதி எதுவும் அதில் முக்கியமில்லை. வரிக்கணக்குதான் விஷயம். விளைச்சலில் பாதியை சர்க்காரே கேட்கிறது, இந்த ரேட்டில் வரி போட்டால் எந்த விவசாயியும் தலையெடுக்க முடியாது என்று எழுதினார். கம்பெனி நிலத்துக் குடியானவனைவிட சுதேச ராஜாக்களின் குடியானவன் மேல் என்று வடக்கே அதிகாரிகளே சொல்கிறார்கள், சென்னைப் பக்கம் நிலைமை இன்னும் மோசம் என்றார். தனியாகப் பேசினால் கலெக்டர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள், எழுத்தில் கேட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை என்றும் போட்டு உடைத்தார்.

யார் இதை எழுதுவது? அந்த வரியிலிருந்து 5,000 பவுண்டு சம்பளம் வாங்குகிறவர். யாருக்கு எழுதுகிறார்? அந்த வரியை வாங்குகிற கம்பெனியையே மேற்பார்வை பார்க்கும் வாரியத்தின் தலைவருக்கு. நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த எத்தனையோ துரைமார்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மனிதர் குனிந்து வயலையும் பார்த்தார். முக்கால் நூற்றாண்டு கழித்து ரொமேஷ் சந்திர தத், பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவை எப்படிச் சுரண்டியது என்று பொருளாதார வரலாறு எழுதியபோது, சாட்சிக் கூண்டில் ஏற்றியவர்களில் ஹீபரும் ஒருவர். மிஷனரி பிஷப்பே சொல்கிறாரே என்றால் லண்டனில் யார் மறுக்க முடியும்?

1826 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தஞ்சாவூர். தமிழ்ச் சபையின் ஆராதனையில் ஹீபர் கலந்துகொண்டார். முடிவில் ஆசீர்வாதம் சொல்ல வேண்டும். எங்கேயும் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஹீபர் தமிழில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். தமிழிலேயே சொன்னார். கூட்டம் சிலிர்த்துப்போனது.

அரண்மனையில் சரபோஜி மன்னரைச் சந்தித்தார். சுவார்ட்ஸ் பாதிரியாரின் வளர்ப்பில் படித்த மன்னர், சரஸ்வதி மகாலைப் புத்தகங்களால் நிரப்பியவர். ஐரோப்பிய விஞ்ஞானிகள் லவாய்சியே, லின்னேயஸ், பஃபோன் என்று மன்னர் சரளமாகப் பேச, ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் வியந்துபோய் எழுதினார். காட்டுமிராண்டியா, அஞ்ஞானியா என்று ஒரு சனிக்கிழமை யோசித்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்த கை, இப்போது சரபோஜியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 1-ம் தேதி திருச்சி. 3-ம் தேதி திங்கட்கிழமை. அதிகாலையிலேயே கோட்டைப் பகுதியில் இருந்த தமிழ்ச் சபைக்குப் போனார். சிலருக்குத் திடப்படுத்தல் செய்து வைத்தார். இங்கேயும் தமிழில் ஆசீர்வாதம். சித்திரை நெருங்கும் திருச்சி வெயிலைச் சொல்ல வேண்டுமா? தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியதும், அங்கே இருந்த குளிக்கும் தொட்டியில் இறங்கினார். தொட்டி என்றால் ஆழமான, நீச்சல் குளம் மாதிரி. நேரமாகியும் வெளியே வரவில்லை. வேலைக்காரர் கதவைத் திறந்து பார்த்தபோது உடல் தண்ணீரில் இருந்தது. 43-வது பிறந்தநாளுக்கு இன்னும் 18 நாள் பாக்கி. திருச்சி செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில் அடக்கம் செய்தார்கள். இந்தியாவுக்கு வந்து இரண்டரை வருடம்தான் ஆகியிருந்தது.

அமீலியா கல்கத்தாவில். தந்தி இல்லாத காலம். கணவர் மண்ணுக்குள் போன பிறகும், செய்தி வந்து சேரும்வரை அந்த அம்மா அடுத்த கடிதத்துக்காகக் காத்திருந்திருப்பார்.

இரண்டு பெண் குழந்தைகளோடு இங்கிலாந்து திரும்பிய அமீலியா, முடங்கி உட்காரவில்லை. தனக்கு வந்த டைரிகளைத் தொகுத்தார். தன் இலங்கைக் குறிப்புகளைச் சேர்த்தார். 1828-ல் ஜான் மர்ரே பதிப்பகம் பெரிய புத்தகமாக வெளியிட்டது. நன்றாக விற்று, பதிப்பு மேல் பதிப்பு கண்டது. 1830-ல் கணவரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி முடித்தார். பிறகு ஒரு கிரேக்கப் பிரபுவை மறுமணம் செய்துகொண்டார். அவர் இல்லையென்றால் ஹீபரின் இந்தியா ஒரு டிரங்குப் பெட்டியில் செல்லரித்துப் போயிருக்கும்.

சரி, இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு பக்கம், இருபது நிமிடத்தில் எழுதிய பாட்டு. நாட்டைப் பார்க்காமல் எழுதியது. இன்னொரு பக்கம், இரண்டரை வருடம் அலைந்து, நண்பனைப் பறிகொடுத்து, குழந்தைகளைப் பிரிந்து, கடைசியில் உயிரையும் கொடுத்து எழுதிய டைரி. நாட்டைப் பார்த்து எழுதியது. இரண்டையும் எழுதியது ஒரே கை. உலகம் எதை ஞாபகம் வைத்துக்கொண்டது?

1925 ஜூலை 28. கல்கத்தாவில் கிறிஸ்தவ மிஷனரிகள் கூட்டத்தில் காந்தி பேசினார். ஹீபரின் அந்தப் பாட்டைக் குறிப்பிட்டு, அதிலிருந்த இரண்டு வரிகள் என்னை எப்போதும் உறுத்திக்கொண்டே இருக்கின்றன, அவர் அதை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார். நாடு முழுக்கச் சுற்றிய என் அனுபவம் அதற்கு நேர்மாறானது என்றார்.

தேதியைக் கவனித்தீர்களா? ஹீபரும் அமீலியாவும் காலியில் போய் இறங்கி அப்போது கிட்டத்தட்ட நூறு வருடம். நூறு வருடமாக அந்த வரிகள் காயம் பண்ணிக்கொண்டே இருந்தன. ‘சாந்தமானவர்கள், புத்திசாலிகள்’ என்று அதே ஹீபர் எழுதிய கடிதத்தை யாரும் பாட்டாகப் பாடவில்லை. ‘விளைச்சலில் பாதி வரியா?’ என்று கேட்ட வரிக்கு எந்த வங்கி குமாஸ்தாவும் மெட்டுப் போடவில்லை. பிற்காலத்தில் பல சபைகள் தங்கள் பாட்டுப் புத்தகங்களிலிருந்து அந்தப் பாட்டை எடுத்துவிட்டன. அதற்குள் அது பாட வேண்டியதைப் பாடி முடித்துவிட்டது.

வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுப் பின்னால் மனசு மாறுவது மனித இயல்புதான். ஆனால் எழுதியது மனசு மாறுவதில்லை. அது பாட்டுக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். நம் கையில் இருக்கிற செல்போனுக்கு இருபது நிமிடம்கூட வேண்டாம். பார்க்காத ஊரைப் பற்றி, பழகாத ஜனத்தைப் பற்றி ஒரு மெசேஜை இருபது நொடியில் தட்டி நாலு குரூப்புக்கு அனுப்பிவிடுகிறோம்.

திருச்சிப் பக்கம் போனால் செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில் ஹீபரின் கல்லறையைப் பாருங்கள். பார்க்காமல் எழுதிய நாட்டைத் தேடி வந்து பார்த்து, அந்த நாட்டு மண்ணிலேயே படுத்துவிட்ட மனிதர். பாட்டுக்காக அவர் மேல் கோபம் இருந்தாலும் போகலாம். கடைசியாக அவர் வாயிலிருந்து வந்த ஆசீர்வாதம் தமிழில்தான் இருந்தது.